சைட்கார் பூட்டிய புல்லட் பெட்ரோல் குடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகு பின் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவதும் வேதனை. அதனால்தான் என்னுடைய பழைய புல்லட் 350க்கு இடப்பக்கம் சைட்கார், அதாவது ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் சின்னத் தொட்டி, பூட்டினேன். பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, மற்ற நாளில் மார்க்கெட், கோயில் என்று அந்தச் சின்னத் தொட்டிக்குள் மடியில் கூடையோடு நிம்மதியாக உட்கார்ந்து வருவார்.

தனியாக ஓடியபோது லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கொடுத்த வண்டி அது. சைட்கார் பூட்டிய முதல் மாதம் 17க்கு இறங்கிவிட்டது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் இது வயிற்றில் அடிக்கிற கணக்கு. இன்று அதே வண்டி, அதே சைட்கார், அதே அம்மா. லிட்டருக்கு 25 வருகிறது. போனதில் எட்டை எங்கிருந்தெல்லாம் மீட்டேன் என்பதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். 34 திரும்பி வராது. கூடுதலாக ஒரு சக்கரம், எண்பது கிலோ இரும்பு, அதற்குமேல் ஆள், முன்னால் காற்றை முட்டித் தள்ளும் அகலமான மூஞ்சி, இதற்கெல்லாம் பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும். பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 350 சைட்காரோடு 23, 25 கொடுத்தால் வண்டியில் குறையில்லை. 20க்குக் கீழே போனால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்ரேட்டரில்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். புதுப்பேட்டையில் முப்பது வருஷமாகப் புல்லட் வேலை மட்டுமே செய்யும் பாய் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, "பாய், ஜெட்டை மாத்திடலாமா?" என்றேன். (கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் சின்ன ஓட்டைதான் ஜெட்.)

"இன்னா தம்பி அவசரம்? மொதல்ல வண்டியத் தள்ளிப் பாரு. தள்ளவே வரலன்னா இன்ஜின் இன்னா பண்ணும், பாவம்?"

அன்றைக்குத் தள்ளினேன். வரவில்லை. சைட்கார் வண்டியில் மைலேஜ் பெரும்பாலும் தரையில்தான் போகிறது. அதனால் கீழேயிருந்து தொடங்கி மேலே வருகிறேன். கார்ப்ரேட்டர் கடைசியில்தான் வரும்.

அதற்கும் முன்னால்: அளந்தது சரியா?

மீட்டர் ஒயர் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறதோ அந்தச் சக்கரத்தின் அளவை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் கணக்கே தப்பாகிவிடும். சைட்காருக்காகச் சின்ன ரிம் போட்டவர்கள் போனில் ஜி.பி.எஸ். வைத்து ஒரு முறை 20 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் விழுந்ததிலிருந்து ரிசர்வ் விழும்வரை என்ற கணக்கு இங்கே உதவாது. சைட்கார் பூட்டிய வண்டி சற்றே வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். பங்க்கின் தரை சரிவு வேறு சேர்ந்தால் டேங்க்கில் அரை லிட்டர்வரை கூடவோ குறையவோ தெரியும். ஒரே பங்க், ஒரே பம்பு, வண்டி ஒரே திசை பார்த்து நிற்க, டேங்க் கழுத்தின் அடிவிளிம்பு வரை ஃபுல். அடுத்த ஃபுல் வரை குறைந்தது 150 கிலோமீட்டர். இப்படி மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.

"நியூட்ரல்ல தள்ளினாலே நகர மாட்டேங்குது"

காலை ஐந்தரைக்கு, தெருவில் வண்டிகள் இல்லாத நேரத்தில், சமமான இடமாகப் பார்த்து ஒரு சோதனை செய்யுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரு குறிப்பிட்ட கம்பத்தைத் தாண்டும்போது நியூட்ரலில் போட்டு விட்டுவிடுங்கள். பிரேக் தொடக்கூடாது. எத்தனையாவது கம்பத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள். காற்று ஒரு பக்கம் அடிக்கலாம் என்பதால் எதிர்த்திசையிலும் ஒரு முறை. என் வண்டி மூன்றாவது கம்பத்தைத் தொடாமலே நின்றது. எல்லாம் சரிசெய்த பிறகு ஐந்தாவதைத் தாண்டுகிறது. இனி எந்த வேலை செய்தாலும் இந்தக் கம்பக் கணக்கை மறுபடி பார்த்துக்கொண்டே வாருங்கள். பங்க் பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நகரவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரேக். மூன்று கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து நிறுத்தி, மூன்று ஹப்பிலும் புறங்கையை மெதுவாக வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வருகிறது. என் வண்டியில் சைட்கார் சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உண்டு. பின் பிரேக் பெடலிலிருந்து ஒரு ராடு போகிறது. பூட்டிய இடத்தில் அந்த ராடை இழுத்துப் பிடித்து நட்டு போட்டிருந்தார்கள். வெறும் வண்டியில் சரியாக இருந்தது. அம்மா உட்கார்ந்து ஸ்பிரிங் அழுந்தியதும் ராடு இழுபட்டு, பிரேக் பாதி பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஆகவே பிரேக் ராடையும் கேபிளையும் ஆள் உட்கார்ந்த நிலையில்தான் செட் செய்ய வேண்டும். வெறும் வண்டியில் செட் செய்தது செல்லாது.

அடுத்தது பேரிங். பிரேமுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சைட்கார் சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்று விடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஒன்றரைச் சுற்றில் நின்றாலோ பேரிங்கைக் கழற்றுங்கள். நம் ஊரில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் ஒரே ஒரு முறை ஹப் முங்கினால் போதும், கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். சைட்கார் சக்கரம் சின்னது, தாழ்வானது. மற்ற இரண்டுக்கும் முன்னால் அதுதான் முங்கும். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒரு தடவை கிரீஸ் மாற்றிவிடுவது என் வழக்கம்.

காற்று. தனிப் புல்லட்டுக்கு முன்னால் 18, பின்னால் 28 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. அதே அளவோடு சைட்கார் இழுத்தால் டயர் பிசைந்துகொண்டே போகும். நான் முன்னால் 24, பின்னால் 34, சைட்காருக்கு 26 வைக்கிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் உங்கள் எடைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மதியம் கொதிக்கிற தார் ரோட்டில் ஓட்டிவந்து நிறுத்திப் பார்த்தால் காற்று கூடுதலாகத்தான் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள்.

செயினை இழுத்துக் கட்டுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. சைட்கார் இழுக்கிறதே, இறுக்கமாக இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஆள் உட்கார்ந்த நிலையில், செயினின் மிக இறுக்கமான இடத்திலும் ஓர் அங்குலம் ஆட்டம் வேண்டும்.

"ஹேண்டில் இழுக்குது, டயர் சீவினாப்ல தேயுது"

என் பெட்ரோல் அதிகம் போனது இங்கேதான். முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. புரசைவாக்கம் தாண்டும்போது, "டேய், ரப்பர் வாசனை வருதுடா" என்றார். "பக்கத்துல எவனாவது டயர் எரிக்கிறாம்மா" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். மறுநாளும் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்து சைட்கார் டயரைத் தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழப்பு, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலில் குத்தியது. 900 கிலோமீட்டர்கூட ஓடாத டயர்.

டயர் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டு ஓடுகிறது என்பதற்கு இந்த ரம்பப் பல் தப்பாத அடையாளம். காரணம் டோ-இன் அதிகம்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். சைட்கார் சக்கரம் வண்டிக்கு நேர் இணையாக இருக்காது. முன்பக்கம் கொஞ்சம் வண்டியை நோக்கித் திரும்பியிருக்கும். அந்தத் திருப்பம்தான் டோ-இன். கொஞ்சம் வேண்டும். சைட்காரின் இழுவை வண்டியை எப்போதும் இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், அதைச் சமன் செய்யத்தான் இது. நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் இடப்பக்க இழுப்பு இன்னும் கூடும். பூட்டிக் கொடுப்பவர்கள் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று நீங்கள் சொன்னதும் சக்கரத்தை இன்னும் உள்ளே திருப்பிவிடுகிறார்கள். இழுப்பு நின்றுவிடும். நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். என் வண்டிக்கு நடந்தது அதுதான். இழுப்பை நிறுத்தியது டயரும் பெட்ரோலும் சேர்ந்து.

அளந்தபோது என் வண்டியில் 60 மில்லிமீட்டர் இருந்தது. புல்லட்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 1370 மில்லிமீட்டர். 1370 ஓடுவதற்குள் 60 பக்கவாட்டில் இழுபட வேண்டும் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 43 மீட்டருக்கும் மேல். பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கம் போய் வருவதற்குள் எத்தனை மீட்டர் ரப்பரைத் தரையில் தேய்த்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டதும் வயிறு எரிந்தது.

அளக்க வேண்டிய சாமான்கள் எல்லாம் கொத்தனார் வீட்டில் கிடைக்கும். பூச்சுக்கு மட்டம் பார்க்கிற நேரான அலுமினிய பாக்ஸ் பைப் இரண்டு, ஆறடிக்குக் குறையாமல். தூக்குக் குண்டு ஒன்று. நாலு செங்கல், ஒரு டேப். தரை மட்டமாக இருக்க வேண்டும். நான் அபார்ட்மென்ட் கார் நிறுத்தத்தில் செய்தேன், தெருவில் முடியாது. டயர் கீழே பிதுங்கியிருக்கும் இடத்துக்கு மேலே பைப் தொட வேண்டும் என்பதற்காகச் செங்கல் மேல் வைத்து, ஒரு பைப்பை வண்டியின் முன் டயரும் பின் டயரும் ஒன்றாகத் தொடும்படி வலப்பக்கம் சார்த்துங்கள். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். இரண்டு டயரும் ஒரே அகலம் என்றால் நான்கு இடத்திலும் பைப் தொடும். முன் டயர் ஒல்லியாக இருந்தால் இரு பக்கமும் சம இடைவெளி விட்டு நேராக்குங்கள். இன்னொரு பைப் சைட்கார் டயரின் வெளிப்பக்கம். வண்டியில் நீங்களும் சைட்காரில் வழக்கமாக வருபவரும் உட்கார்ந்துகொள்ள, மூன்றாவது ஆள் அளக்கட்டும். முன் சக்கர அச்சுக்கு நேரே இரண்டு பைப்புக்கும் இடையே எவ்வளவு, பின் சக்கர அச்சுக்கு நேரே எவ்வளவு. பின்னால் உள்ளதைவிட முன்னால் எவ்வளவு குறைகிறதோ அதுதான் டோ-இன். புல்லட் மாதிரி வண்டிக்கு 12 முதல் 20 மில்லிமீட்டர் போதும். நான் 15ல் வைத்திருக்கிறேன்.

சரி, டோ-இன்னைக் குறைத்தால் மறுபடி இழுக்குமே? இழுக்கும். அதற்கு மருந்து வேறு: வண்டியை வலப்பக்கம், அதாவது சைட்காருக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் சாய்ப்பது. வண்டிக்கு முன்னால் நின்று, ஹேண்டில் நடுவிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு நூல் கீழே முன் டயரின் நடுக்கோட்டிலிருந்து 20 முதல் 30 மில்லிமீட்டர் விலகி விழுந்தால் சாய்வு சுமார் ஒன்றரை டிகிரி. வண்டியையும் சைட்காரையும் மேலே இணைக்கும் கம்பியில் (ஸ்ட்ரட்) உள்ள திருகை நீட்டினால் சாய்வு கூடும். கால் அங்குலம் நீட்டுவது, தெருமுனைவரை ஓட்டுவது, மறுபடி கால் அங்குலம். பொறுமையாகச் செய்தால் அரை நாள் வேலை. சாய்வை மாற்றினால் டோ-இன்னும் கொஞ்சம் நகரும். கடைசியில் மறுபடி அளந்துவிடுங்கள்.

எந்த இழுப்பு இயல்பு, எது குறை என்பதில் குழம்பிவிடாதீர்கள். ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது இடப்பக்கம் இழுப்பதும், சைட்காருக்குப் பிரேக் இல்லாத வண்டியில் பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கம் போவதும் சைட்கார் வண்டியின் பிறவிக் குணம். 40ல் ஒரே சீராகப் போகும்போதும் கை வலிக்க ஹேண்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டுமே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர்வரிசை, தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஒரு வேலைக்குப் பிறகு மட்டும் 17, 21 ஆனது.

"இன்ஜின் கத்துது, வண்டி போகல"

கிளட்ச் வழுக்குகிறது. முரசொலி மாறன் மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கிப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் உறுதி. லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் வழுக்கினால் பிளேட், ஸ்பிரிங் மாற்ற வேண்டும். சிக்னலில் கியர் போட்டுக் கிளட்சைப் பாதி பிடித்தபடி நிற்பதை விட்டால் புதுப் பிளேட் நெடுநாள் வரும்.

"நாலாவது கியர்ல உதறுது, மூணாவதுல கத்துது"

தனி வண்டிக்கான கியர் கணக்கு சைட்காருக்குப் பொருந்தாது என்பதன் அடையாளம் இது. சுமை ஏறியதால் நாலாவது கியர் 45க்கு மேல்தான் வேலை செய்கிறது. சிட்டியில் நமக்குக் கிடைப்பதோ 35. நாலில் போட்டால் இன்ஜின் முனகுகிறது, அதை ஈடுகட்ட முறுக்கிக்கொண்டே போகிறோம்.

செயினை இழுக்கும் பல்சக்கரமான கியர் பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவாகப் போடுங்கள். ஒரு பல்லுக்கு இன்ஜின் சுற்று ஏறக்குறைய ஆறு விழுக்காடு கூடும். சுற்று கூடினால் பெட்ரோலும் கூடுமே என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது; சிட்டியில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே கிடைத்தது. நாலாவது கியரிலேயே நிம்மதியாக ஓடுகிறது, அரைக் கிளட்ச் குறைந்தது. தினமும் ஹைவேயில் ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம். 1950களிலேயே திருவொற்றியூரில் பிறக்கத் தொடங்கிய வண்டி என்பதால் இதற்கெல்லாம் நாம் அலைய வேண்டியதில்லை, ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். பழையது வாங்கினால் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"ஞாயித்துக்கிழமை நல்லா கொடுக்குது, திங்கட்கிழமை குடிக்குது"

வண்டியில் குறையில்லை, ஊரில்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிள் என்பதற்கு விளக்கம் தரும்போது கழற்றக்கூடிய சைட்காரையும் சேர்த்தே சொல்கிறது. சட்டத்துக்கு நம் வண்டி பைக். அண்ணா சாலை நெரிசலில் அது கார். சந்து கிடைத்தாலும் நுழைய முடியாது. பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்க வேண்டும். நானூறு கிலோவை நெருங்கும் மொத்தச் சுமையை ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து கிளப்புவதுதான் பெட்ரோல் தின்கிறது.

பழைய பைக் வழியை மறந்து, கார் ஓட்டுபவர்கள் தேர்ந்தெடுக்கும் வழியில் போகப் பழகுங்கள். தூரம் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் சிக்னல் குறைந்த வழி நமக்கு லாபம். தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் கையை விட்டுவிட்டு உருளவிடுங்கள். சைட்காரின் எடை நமக்கு உதவும் ஒரே இடம் அது. எண்ணிக்கை பலகையில் 40க்கு மேல் காட்டினால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். சூடான புல்லட் ஒரே உதையில் கிளம்பவில்லை என்றால், கீழே சொல்லும் டைமிங்கைப் பாருங்கள்.

"இ.சி.ஆர். போனா அதைவிட மோசம்"

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சிக்னலே குறைவு, ஆனாலும் மைலேஜ் விழுகிறது என்றால் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50லிருந்து 70க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டியை விட அகலமான மூஞ்சியோடு போகும் நமக்கு இது தனி வண்டியை விடக் கடுமையாகத் தெரியும். 50, 55ல் போங்கள். யாரும் உட்காராதபோது சைட்கார் வாயைத் தார்ப்பாயால் மூடுங்கள். திறந்த தொட்டி காற்றை அள்ளி அள்ளிப் பிடிக்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், தெற்கே போகும்போது முகத்தில்தான் அடிக்கும். விடியற்காலையில் கிளம்பிப் போய், மாலையில் அதே காற்று முதுகில் தள்ள வீடு திரும்புவது அம்மாவுக்கும் வெயில் படாமல் நல்லது.

"பிளக் கன்னங்கரேல்னு இருக்கு, பெட்ரோல் வாடை வருது"

இப்போதுதான் கார்ப்ரேட்டர். இரண்டு கிலோமீட்டர் சீராக ஓட்டி, கிளட்ச் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். செங்கல்பொடி நிறமோ காபிக் கொட்டை நிறமோ இருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். அடுப்புக் கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.

முதலில் சோக் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ஏர் ஃபில்டர். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் ஓடினால் கம்பெனி சொல்லும் கெடுவுக்குப் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். நிறுத்தி வைத்திருக்கும்போது கீழே சொட்டினால் ஃப்ளோட் நீடில், அதாவது கார்ப்ரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் முள். இவை மூன்றும் சரியாக இருந்தும் கறுப்பு என்றால், ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றுங்கள்; ஊசி இறங்கும், கலவை மெலியும். ஒரு படிதான், அதற்குமேல் வேண்டாம். அப்படியும் மாறாவிட்டால் ஊசி உரசி உரசி ஜெட் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

"பிளக் வெளுத்திருக்கு, ஏத்தத்துல கிணிகிணிங்குது"

இதற்கு இரண்டு காரணம். ஒன்று டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். பாயின்ட் செட் உள்ள வண்டியில் இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேகத்துக்கு ஏற்பப் பொறி நேரத்தை முன்னே தள்ளும் அட்வான்ஸ் தட்டைக் கையால் முறுக்கி விட்டால் ஸ்பிரிங் சுண்டி இழுத்துத் திரும்ப வேண்டும். துருப்பிடித்து முன்னாலேயே மாட்டிக்கொண்டால் கிணிகிணி. பின்னாலேயே மாட்டிக்கொண்டால் சத்தமில்லாமல் பெட்ரோல் போகும், சைலன்சர் நீலம் பாயும். இரண்டு துளி எண்ணெயில் தீரும் வேலை இது.

டப்பெட்டையும் (வால்வு இடைவெளி) அதே நாளில் பார்த்துவிடுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இன்னொரு காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, 10 விழுக்காடு கலப்புக்காகச் செட் செய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. நம் கார்ப்ரேட்டர் அதற்கும் முந்தையது. கலவை தானாக மெலிந்து பிளக் வெளுக்கிறது, சுமையோடு ஏற்றம் ஏறும்போது சூடாகிறது. கிளிப்பை ஒரு படி கீழே இறக்கி ஊசியை உயர்த்தியோ, மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டியோ பாருங்கள். மெலிந்த கலவையில் சோர்ந்து ஓடும் இன்ஜினைவிடச் சரியான கலவையில் ஓடும் இன்ஜின் குறைவாகத்தான் குடிக்கும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வாரக்கணக்கில் நிறுத்தினால் மழைக்காலத்தில் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். கழற்றி வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுவது பாதுகாப்பு. ஆக்டேன் கூடுதல் என்பதற்காக விலை உயர்ந்த பெட்ரோல் ஊற்றுவது மட்டும் வேண்டாம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் குறைவு, அந்த ஆக்டேனை அதால் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

நீலப் புகை வந்தால் மேலே உள்ள எதுவும் உதவாது. அது பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை.

"எடையைக் குறைச்சா கூடுமா?"

கூடும். சைட்காருக்குள் கிடக்கும் பழைய டூல்ஸ், கயிறு, கல், காலி கேன் எல்லாவற்றையும் இறக்குங்கள். ஒன்றைத் தவிர. சைட்காரில் ஆள் இல்லாதபோது நான் 25 கிலோ மணல் மூட்டை வைத்து ஓட்டுகிறேன். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் காலி சைட்கார் தரையை விட்டு எழும்பும். பேப்பர் மில்ஸ் ரோடு திருப்பத்தில் ஒரு முறை எழும்பி, எதிரே வந்த லாரியை நோக்கி வண்டி போனது. அரைக் கிலோமீட்டர் மைலேஜுக்காக அந்த மூட்டையை இறக்காதீர்கள். அம்மா ஏறும் நாளில் மூட்டை வீட்டு வாசலில் இருக்கும், மற்ற நாளில் சீட்டுக்கடியில் கட்டியிருக்கும். பங்க் பில்லின் பின்னால் "அம்மா" என்றோ "மூட்டை" என்றோ எழுதி வைக்கிறேன். அப்போதுதான் இந்த ஃபுல்லில் வந்த கணக்கு எந்தச் சுமைக்கு வந்தது என்று அடுத்த மாதமும் தெரியும்.